முதல் பக்கத்துக்குப் போகாத சிரிப்பு

ஒரு திங்கட்கிழமை காலை. மதுரை ஆட்சியர் அலுவலக வாசலில், சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திய ஊழியர்கள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நண்பரிடம் மதியம் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே கேமராவைத் தூக்கி நாலைந்து முறை அழுத்திவிட்டு இறக்கினேன். கண்ணை வைத்துப் பார்க்கவே இல்லை. அலுவலகத்துக்கு வந்து திறந்தால் படம் அம்சமாக இருக்கிறது. பேட்ஜ் தெரிகிறது, உயர்த்திய கை தெரிகிறது, பின்னால் ஒரு போலீஸ்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிகிறது. படப் பிரிவில் எல்லோரும் "சபாஷ்" என்றார்கள். நான் திரையை மூடிவிட்டேன். பார்க்காமலே எடுக்க வருகிறது என்றால் இந்த ஊரில் என் கண்ணுக்கு என்ன வேலை? கறுப்பு பேட்ஜ் என்றால் போராட்டம், மாலை என்றால் பாராட்டு, குடம் என்றால் தண்ணீர்ப் பஞ்சம். எல்லாம் மனப்பாடம். எனக்கு எதுவுமே தெரியாத ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்று அன்று சாயங்காலம் தோன்றியது. தோன்றிய சூட்டோடு தேட ஆரம்பித்தேன். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்ப்பீர்கள்.

அந்தத் தேடல் என்னைக் கொண்டுவந்து சேர்த்த இடம் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய படச் செய்தி நிறுவனம். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துத் தருவது தொழில். போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு வந்தேன். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து இப்போது புதுப்பித்தும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் தமிழ்நாட்டிலிருந்து நீங்கள் மூன்று பேர் சேரப் போகிறீர்களாம். "அவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடு மா, நீதானே சீனியர்" என்றார் டெஸ்க் அக்கா. நாங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, தேர்ந்து, பத்திரிகைகளுக்கு அனுப்புபவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இந்தத் தீவில் மூன்றாம் தலைமுறை. ஆங்கிலத்தில் திட்டுவார், தமிழில் சமாதானம் செய்வார். அவர் தமிழில் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் எனக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு ஆண்டு. ஆனால் அந்த ஆண்டுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன். கேமராவும் லென்ஸும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்த புதிதில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். விமானத்திலிருந்து இறங்கியபோது தெரியாத ஊருக்கு வந்துவிட்டேன் என்று குதூகலமாக இருந்தது. மறுநாள் காலை தெருவில் இறங்கினால் தமிழ்ப் பாட்டு, பூக்கடை, இட்லி. தோசை சுடுபவர் "என்னா வேணும் தங்கச்சி, சாப்பிடறதா, தாப்பாவா?" என்று கேட்டார். தாப்பாவ் என்றால் பொட்டலம். அதைக்கூட அவர் கையில் எடுத்த தாளைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அப்பாடா என்றிருந்தது. வாரம் முழுக்க மல்லிகைச் சரம், கற்பூரத் தட்டு, கோபுரம், சேலைக்கடை என்று எடுத்துக் குவித்தேன். டெஸ்க் அக்கா ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மா. இதையெல்லாம் மதுரையிலேயே எடுத்திருக்கலாமே. டிக்கெட் காசு மிச்சமாயிருக்கும்."

தமிழில்தான் சொன்னார். ஆனாலும் மூச்சு விட முடியவில்லை. தெரியாததைத் தேடி வந்தவள், தெரிந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் அதன் மடியில் உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கும் இது நடக்கும். ஒரு வாரம் நடக்கட்டும், தப்பில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

இனி தைப்பூசத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதச் சம்மதித்ததே அந்தக் காலையைச் சொல்லத்தான்.

இங்கே தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலை முருகன் ரதத்தில் ஏறி, ஊர் வழியாகத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறார். வழி நெடுகத் தேங்காய். நம் ஊரில் தட்டில் ஒரு தேங்காய் வைத்துக் கொடுப்போமே, அப்படி அல்ல. லாரி லாரியாக இறக்கி, சாலையோரம் இடுப்பு உயரத்துக்குக் குவித்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் நேர்ந்துகொண்ட குடும்பத்தின் பெயரோ கடையின் பெயரோ எழுதிய பலகை. ரதம் நெருங்கும்போது அத்தனையையும் சாலையில் அறைந்து உடைப்பார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, சீனர்களும். சில இடங்களில் அவர்கள்தான் அதிகம். கொஞ்ச நேரத்தில் தார்ச்சாலை வெள்ளைச் சாலையாகிவிடும். முழங்கால் வரை தேங்காய்த் தண்ணீர் தெறிக்கும். லென்ஸைத் துடைத்துத் துடைத்தே சட்டை நுனி நனைந்துபோகும்.

அந்தக் கூட்டத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய சீனப் பெண். வெள்ளை டி-சட்டை. பின்னால் இருந்த பலகையில் சீன எழுத்துகளுக்குக் கீழே ஒரு சைக்கிள் படம். அவர் ஓங்கிய தேங்காய் கை நழுவி உருண்டுபோய், காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் பூட்ஸில் முட்டியது. போலீஸ்காரர் குனிந்து அதை எடுத்து, பிரசாதம் தருவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரிக்க, அந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினார். அழுத்தினேன். பார்த்துத்தான் அழுத்தினேன், இந்த முறை. பின்னால் ரதம், முன்னால் தெறிக்கும் நீர், நடுவில் அந்தச் சிரிப்பு. அப்படி ஒரு படம் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

கூட்டம் தள்ளியது. ரதம் நகர்ந்தது. நான் ஒரு ஒட்டுக்கடையில் ஒதுங்கி மடிக்கணினியைத் திறந்தேன். சாலையோரம் தகரம் சாய்த்துப் போட்ட தேநீர்க் கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: அவரது சட்டைக் கையில், ஊக்கு வைத்துக் குத்திய சிறிய சதுரக் கறுப்புத் துணி.

மதுரைக் கண் உடனே விழித்துக்கொண்டது. கறுப்பு பேட்ஜ்! திருவிழாவுக்கு நடுவில் போராட்டம்! விரல்கள் பறந்தன. டெஸ்க் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, முதல் பக்கப் படம் இருக்கு! ரதத்துக்கு முன்னாடி கறுப்பு பேட்ஜ் குத்திட்டு ஒரு சீன அம்மா தேங்காய் உடைக்கறாங்க. போராட்டம்!"

"போராட்டமா? எதை எதிர்த்து?"

"அது... தெரியல."

"தேங்காயை எதிர்த்தா மா?"

நான் படத்தை மறுபடி பெரிதாக்கினேன்.

"அவங்க பேரு?"

"கூட்டமா இருந்துச்சு அக்கா, கேக்க முடியல."

"சரி, கேளு. இங்க தினசரிக்காரங்க இப்பவே கேக்கறாங்க. நல்ல படம் வருதுன்னு சொல்லிடறேன். மதியத்துக்குள்ள குடு."

படக்குறிப்பை அதற்குள் பாதி எழுதிவிட்டேன். 'எதிர்ப்பைத் தெரிவிக்கும் வகையில் கறுப்புத் துணி அணிந்து...' என்று அது தொடங்கியது. எதிர்ப்பு எதற்கு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அந்தக் காலி இடத்தோடு மின்னிக்கொண்டிருந்த திரையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது இரண்டு ஐஸ் தேநீரோடு தேவன் வந்தான். எங்கள் நிறுவனத்தின் செய்தியாளன். என் வயதுதான். பக்கத்துச் சுங்கை பினாங்குப் பகுதியில் அடுக்குமாடி வீடு. இந்த ஊர்க்காரர்களைப் போல அவன் பேச்சின் நுனியிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். வந்த நாளிலிருந்து என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை.

"என்னா மதுரை, மூஞ்சி இப்படி மின்னுது? லாட்டரி அடிச்சிருச்சா?"

திரையைத் திருப்பினேன். பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"ஐ! இது எங்க ஏரியா சைக்கிள் கடை ஆன்ட்டி லா! நான் மொதமொதல்ல ஓட்டுன சைக்கிள் இவங்க அப்பா குடுத்ததுதான். செகண்ட் ஹேண்டு. பிரேக்கே புடிக்காது. கேட்டா, 'காலு இருக்குதானே'ம்பாரு..."

நிறுத்திவிட்டான். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

"இந்தத் துணி..."

"பேட்ஜ். போராட்டம்."

"போராட்டம் இல்ல." தேநீரை மேசையில் வைத்தான். "சீனவங்க வீட்டுல சாவு விழுந்தா கையில குத்திக்குவாங்க. துக்கம் முடியற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. கறுப்புன்னா செத்தவங்களோட சொந்தப் புள்ளைங்க. இவங்க அம்மா முன்னாடியே போயிட்டாங்க." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். "அலாமாக், ஐயோ... அங்கிள் செத்துட்டாரா? எனக்குத் தெரியாதே."

எனக்குப் போராட்டமாகத் தெரிந்த அதே துணியில், அவன் தன் முதல் சைக்கிளைக் கொடுத்தவரின் மரணச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வீட்டில் இறப்புத் தீட்டு என்றால் கோயில் பக்கம் போக மாட்டோம், பண்டிகை கொண்டாட மாட்டோம். பக்கத்து வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கவில்லை என்றாலே எனக்குக் காரணம் புரிந்துவிடும். அதே வழக்கம் வேறொரு துணியில், வேறொரு கையில் வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவை இழந்து துக்கம் காக்கும் மகள், திருவிழாவில், வாய்விட்டுச் சிரிக்கிறார். என் கையில் இருந்தது அந்தப் படம். அது நாளை முதல் பக்கத்தில் வரப்போகிறது.

கைப்பேசி அதிர்ந்தது. டெஸ்க் அக்கா: 'படம் எங்கே?'

"வெட்டிடு லா," என்றான் தேவன். "தோள் வரைக்கும் போதும்." வெட்டிப் பார்த்தேன். கையோடு தேங்காயும் போனது. காரணமில்லாமல் சிரிக்கும் ஒரு முகம்தான் மிஞ்சியது.

"அப்ப துணிய மட்டும் துடைச்சிடு. ஒரு நிமிஷ வேலை."

அது கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படத்தில் ஒரு நூலைத் துடைத்தவர் எடுத்த மற்ற படங்களை யார் நம்புவார்கள்?

இன்னொரு வழியும் இருந்தது. அது மனத்துக்குள் நன்றாகவே வாதாடியது. பொதுச் சாலை, பொதுத் திருவிழா, ஆயிரம் பேர் பார்க்கச் சிரித்தார், உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. சட்டம் உன் பக்கம். இதெல்லாம் சரிதான். ஆனால் இந்தப் படம் வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. தெரியாத ஊரைத் தேடித்தானே வந்தேன்? அப்படியானால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு போய்க் கேட்க வேண்டியதுதான்.

"கடை எங்கே இருக்குன்னு சொன்னே?"

"தேநீர் குடிக்கலையா?"

"தேவா!"

"சரி சரி, மோட்டார்ல ஏறு."

ரதத்துக்காக வழியெல்லாம் அடைத்திருந்தார்கள். தேவன் பைக்கைப் பின்சந்துகள் வழியாக, துணி காயப்போட்ட கம்பிகளுக்குக் கீழே தலையைக் குனிந்து குனிந்து ஓட்டினான். சுங்கை பினாங்கில் அந்தக் கடை அரைக்கதவு திறந்து கிடந்தது. வாசல் தூண்களில் சிவப்புத் தாள்களை உரித்த தடம் மட்டும் இருந்தது; துக்க வீட்டில் சிவப்பு கூடாதாம். அந்தப் பெண் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். சட்டையில் தேங்காய்த் தண்ணீர்க் கறை. கையில் அந்தத் துணி.

தேவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மலாயில் மெதுவாக ஏதோ சொன்னான். அங்கிள் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் தலையசைத்தார்.

"தூக்கத்திலே போயிட்டாரு," என்றார் தமிழில், என்னைப் பார்த்து. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "நீ யாரு? காலையிலே போட்டோ புடிச்ச தங்கச்சியா?"

"ஆமாம் ஆன்ட்டி."

"யாரு ஆன்ட்டி? அக்கா சொல்லு."

படத்தைக் காட்டினேன். டியூபைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது பேப்பர்லே வருமா?"

"வரலாம் அக்கா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். சின்ன வயதில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டபோது அவர் அப்பா முருகனுக்கு நேர்ந்துகொண்டாராம். அதிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தேங்காய். இந்த ஆண்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

"அப்புறம் செத்துப் போயிட்டாரு. லாரிக்காரனுக்குத் தெரியாது. கொண்டாந்து எறக்கிட்டான். நான் என்னா செய்றது? அப்பா தேங்காயைச் சட்னி அரைக்கவா?"

தேவன் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னான், துக்கத்திலே சாமி கிட்டே போகக்கூடாது. பெரிய அத்தை, அப்பாவோட அக்கா, அவங்க சொன்னாங்க, போனா நூறாம் நாள் கும்பிட வீட்டுக்குள்ளே வராதே. நான் கடை திறக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். கோயிலுக்குள்ளே போகலே தங்கச்சி. ரோட்டுலேதான் நின்னேன். ரோட்டுலே துக்கம் இல்லேதானே?"

கையிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அழுதுகிட்டேதான் உடைச்சேன். அந்தப் போலீஸ்காரன் தேங்காயை இப்படிக் குடுத்தான் பாரு..." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "ஒரு நிமிஷம் மறந்துட்டேன்."

அப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. படம் வந்தால் பெரிய அத்தை பார்ப்பார். அப்பாவின் நூறாம் நாள் சடங்கில் இந்த மகள் வாசலுக்கு வெளியே நிற்பார். படம் வராவிட்டால் ஊருக்கு நட்டம் எதுவும் இல்லை. யாருக்கும் தெரிய வேண்டிய செய்தி எதையும் நான் மறைக்கப் போவதில்லை. நட்டம் எனக்கு மட்டும்தான். அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோதுகூட என் விரல் படத்தின் மேலேயே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல படத்தை விடுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைக்கு வெளியே வந்து டெஸ்க் அக்காவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடுத்தது என்னா இருக்கு?" என்றார். ஆங்கிலமும் இல்லை, சமாதானமும் இல்லை.

"உடைஞ்ச தேங்காய்க்கு நடுவுல ரதம் போற படம்."

"அனுப்பு."

அனுப்பினேன். தினசரி அதை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டது. முதல் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் படம்: அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரதம் பார்க்கும் குழந்தை. நல்ல படம். பொறாமையில் வெந்தேன்.

மறுநாள் டெஸ்க் அக்கா என்னைப் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"நீ விட்டது சரி. ஆனா, 'இருக்கு'ன்னு நீ சொன்னதை வெச்சு நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன். நீ உன் படத்தை விட்டே, என் வாக்கும் அதோட போச்சு. இனிமே முதல்ல கேளு, அப்புறம் எனக்கு போன் பண்ணு. வரிசையை மாத்தாதே."

இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்தவற்றில் இதைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். வேகமாக இருப்பதில் தப்பில்லை. நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டீர்கள். அந்த வேகத்தைக் கேட்கப் போவதில் காட்டுங்கள். எழுதுவதில் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, யார் வந்து கேட்டாலும் படத்தை விட்டுவிட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் பெய்த பெருமழையில், சுங்கை பினாங்கில் தேவனின் அடுக்குமாடிக்குக் கீழே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்தில் கட்டடம் கட்டுபவர்கள் கொட்டிய மணல் கால்வாயை அடைத்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கவசம் போட்ட மேற்பார்வையாளர் ஒருவர் ஓடிவந்தார்.

"தங்கச்சி, அழிச்சிடு லா. என் வேலை போயிடும். நான் கொட்டச் சொல்லல, மேலருந்து சொன்னாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு உடனே சைக்கிள் கடை அக்கா நினைவுக்கு வந்தார். ஆனால் இங்கே கணக்கு வேறு. மாடிப்படியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் படம் தேவைப்பட்டது. அது வராமல் மணலை யாரும் அள்ளப் போவதில்லை. அவர் முகம் இல்லாத படத்தைத் தேர்ந்தேன். மணலும் கால்வாயும் வீட்டுக்குள் நுழையும் தண்ணீரும் போதும். அதை அனுப்பப் போவதாக அவரிடமே சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு விட்டே, இன்னைக்கு விட மாட்டேங்கற," என்றான் தேவன், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே. "உன்னைய புரிஞ்சுக்கவே முடியல மதுரை."

"எங்கம்மாவும் அதான் சொல்றாங்க."

சில நாளில் மணலை அள்ளினார்கள். அந்த மேற்பார்வையாளருக்கு வேலை போயிற்றா என்று கேட்கக் கட்டுமானத் தளத்துக்குப் போனேன். அவரை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் வேலை போயிருந்தால்கூட அந்தப் படத்தை அனுப்பியதுதான் சரி என்பேன், குரல் கொஞ்சம் இறங்கி.

சைக்கிள் கடை அக்காவின் கதை இன்னும் முடியவில்லை. அந்த ரத நாளில் கடையிலிருந்து கிளம்பும்போது அவர் என்னை நிறுத்தினார்.

"பேப்பர்லே வேணாம். ஆனா எனக்கு ஒண்ணு குடு. பெருசா."

பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டயர்கள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். வெளியே வந்திருக்காது. நூறாம் நாள் சடங்கு நல்லபடியாக முடிந்தது, அக்கா வீட்டுக்குள் நின்றுதான் கும்பிட்டார் என்று தேவன் வந்து சொன்னான். அன்று நாங்கள் இருவரும் அதே ஒட்டுக்கடைக்குப் போய், ரத நாளில் குடிக்காமல் விட்ட தேநீரைக் குடித்தோம்.

பிறகு ஒரு நாள் சைக்கிள் கடை அக்காவிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் யாரோ ஒரு கிழவி சீனத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். அதற்கு மேல் இவர் குரல்:

"தங்கச்சி, கையிலே துணி எடுத்தாச்சு. போட்டோவை நானே அத்தைக்குக் காட்டிட்டேன். பயமாதான் இருந்துச்சு. அத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'இது உன் பல்லு இல்லே, என் தம்பி பல்லு.' அழுதாங்க. இப்ப கத்தறாங்க, கேக்குதா? என்னா கேக்கறாங்க தெரியுமா? இவ்ளோ நல்ல போட்டோ, ஏன் பேப்பர்லே வரலைன்னு கேக்கறாங்க!"

நடைபாதையில் நின்று அதை இரண்டு முறை கேட்டேன். பிறகு டெஸ்க் அக்காவிடம் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். "அப்பவே அனுப்பியிருக்கலாமோ?" என்று கேட்டேன். "அன்னைக்கு அந்த அத்தை பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டிருப்பாங்க. இன்னைக்கு மருமக காட்டி தெரிஞ்சுக்கிட்டாங்க. போய் வேலையைப் பாரு மா" என்றார்.

வரும் தைப்பூசத்துக்கு அந்தக் குடும்பம் மறுபடியும் தேங்காய்க்குச் சொல்லி வைத்திருக்கிறது. இம்முறை பெரிய அத்தையும் வருகிறாராம். போன வாரம் கடைக்குப் போய் அனுமதி கேட்டேன். கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். தேங்காய் ஏற்றுகிற தோட்டத்திலிருந்து உடைத்து முடித்த சாலை வரைக்கும் அவர்களோடு இருந்து, பல படங்களைக் கோத்துச் சொல்லும் ஒரு முழுப் படக்கதை எடுக்கப் பார்க்கிறேன். தனிப்படம் எடுத்தே பழகியவள். படக்கதை எனக்கு வருமா தெரியாது. சைக்கிள் கடை அக்கா சரி என்றார். அத்தை இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்: அவர் உட்கார நாற்காலி வேண்டும், படம் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

நாற்காலியைத் தேவன் தூக்கி வருகிறான். முதல் பக்கத்துக்கு டெஸ்க் அக்காவுக்கு நான் இன்னும் போன் பண்ணவில்லை. முதலில் படம் அமையட்டும்.